இரிங்கா மலையில் ஒரு கணக்கு டீச்சர்

தன்னார்வ ஆசிரியராகத் தான்சானியா போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். அந்தக் கவலையே வேண்டாம். சோள மாவில் கிண்டுகிற உகாலி நம் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொட்டுக்கொள்ளப் பயறும் கீரையும் உண்டு. புளி இல்லாமல் நாக்கு கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும், பிறகு அடங்கிவிடும்.

குளிரைப் பற்றித்தான் ஒருவரும் எச்சரிக்கவில்லை. நான் இருந்தது இரிங்கா மாகாணத்தின் முஃபிண்டி பக்கம். தேயிலைத் தோட்டமும் பைன் காடுமாக இருக்கும் மலை நாடு. ஜூன், ஜூலையில் காலை முதல் பாடவேளையில் மூடுபனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடும். ஆப்பிரிக்கா என்றதும் பருத்தி உடைகளாக அடுக்காதீர்கள். மிதும்பா என்கிற பழைய துணிச் சந்தையில் நல்ல கம்பளிச் சட்டை மலிவாகக் கிடைக்கும். அதே ஆண்டில் தெற்குக் கடற்கரையில் ம்த்வாராவுக்குப் போன என் தோழிக்கோ மின்விசிறி இல்லாமல் தூக்கமே வராது. ஒரே நாடு என்று பெயர்தான்.

அடுத்தது கடிகாரம். அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் மணி சூரிய உதயத்திலிருந்து ஓடுகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. ஆசிரியர் கூட்டம் 'எட்டு மணிக்கு' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நிற்க வேண்டும். சுவரில் ஒட்டிய கால அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தால் அதில் உலக மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முப்பாட்டன்களுக்கு இதில் ஒரு குழப்பமும் வந்திருக்காது.

இந்தியர் என்றால் இன்னொரு தமாஷும் காத்திருக்கிறது. அங்கே நகரங்களில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற குஜராத்திக் குடும்பங்கள் நிறைய. அதனால் சந்தையில் தக்காளி விற்கும் அம்மா, 'உங்கள் கடை எங்கே இருக்கிறது?' என்றுதான் என்னிடம் கேட்டார். கடை இல்லை, டீச்சர் என்றேன். சம்பளம் இல்லாமலா என்று மறுபடி கேட்டுவிட்டு, கூட இரண்டு தக்காளி போட்டார்.

ஆசிரியருக்கு அங்கே மரியாதை உண்டு. முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியெரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். இன்றும் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார்கள். ஆனால் வயதுக்கு முன்னால் பதவி செல்லாது. பள்ளிக் காவலாளி மூத்தவர் என்றால் 'ஷிகாமோ' என்று நான்தான் முதலில் வணங்க வேண்டும். 'மரஹாபா' என்று அவர் ஏற்றுக்கொள்வார். பிறகு வீடு எப்படி, வேலை எப்படி, காலை எப்படி என்று ஒரு சுற்று. அதெல்லாம் முடியாமல் 'சாக்பீஸ் எங்கே?' என்று கேட்டால் காரியம் நடக்காது. இது நேர விரயம் என்று எரிச்சல்பட்ட ஒரு சக தன்னார்வலருக்குக் கடைசி வரை எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

உண்மையான சோதனை வகுப்பறையில்தான். நான் இருந்த காலத்தில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் ஏழு ஆண்டுகள் சுவாஹிலியில் படித்துவிட்டு, உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன் வந்ததும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்குத் தாண்ட வேண்டும். 2016 முதல் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஃபார்ம் ஃபோர் வரை கட்டணம் இல்லை என்பதால் பெஞ்சுகள் பிதுங்கும். 'புரிந்ததா?' என்றால் வகுப்பே அதிர 'யெஸ், மேடம்!' வரும். அதை ஒருபோதும் நம்பாதீர்கள். மரியாதைக்காகச் சொல்கிற யெஸ் அது.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி, முக்கால்வாசி நோட்டுகளில் ஐந்தில் இரண்டு. பொதுப் பகுதி எண் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொன்னாலும் அதே 'யெஸ், மேடம்'. அப்போது மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அவள் உடனே தன் விடையை அடித்துவிட்டாள். கிசுகிசுத்தவளைக் கரும்பலகைக்கு அழைத்து, சுவாஹிலியிலேயே சொல் என்றேன். தயங்கிக் கதவைப் பார்த்தாள், யாராவது வருகிறார்களா என்று. பிறகு பேசினாள்: 'உன்னிடம் அரை ஆரஞ்சு இருக்கிறது. நான் மேலும் கொஞ்சம் தருகிறேன். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவு. நான் கொடுத்தேனா, பிடுங்கினேனா?' வகுப்பு சிரித்தது. அதன் பிறகுதான் கேள்விகள் வந்தன.

அவள் கதவைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. வளாகத்தில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற பலகை, மீறினால் பிரம்பு. தான்சானியாவில் பள்ளியில் அடிப்பது சட்டப்படி குற்றம் அல்ல. தலைமையாசிரியரோ அவர் அனுமதித்தவரோ நான்கு அடி வரை கொடுக்கலாம் என்பது விதி. நடைமுறையில் பிரம்பு இன்னும் பல கைகளுக்குப் போகும். நம் ஊரில் 2009 கல்வி உரிமைச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. அதற்காக அங்கே போய் நீதிபதி ஆக முடியாது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. என் வகுப்பில் பிரம்பு இல்லை என்று தலைமையாசிரியரிடம் முதல் வாரமே தனியாகச் சொல்லி அனுமதி வாங்கினேன். ஆசிரியர் அறையில் பிரசங்கம் செய்யவில்லை. தாமதமாக வந்த பிள்ளைகளைச் சக ஆசிரியர்கள் வரிசையில் நிறுத்திய காலைகளில் என் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, கணக்குக்கு நேரமாகிறது என்று அழைத்துக்கொண்டு போனேன். சில நாள் விட்டார்கள், சில நாள் விடவில்லை.

இன்னொரு கணக்கு ஆசிரியர் பிரம்பில்லாமல் வகுப்புக்குப் போகாதவர். ஆனால் மாலையில் தங்கி, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் எடுத்தவரும் அவர் ஒருவர்தான். தன்னார்வலர் ஊருக்குத் திரும்பிவிடுவார். அங்கேயே இருக்கப் போவது அவர். அதனால் பின்னக் கணக்குகளை இரண்டு மொழியிலும் எழுதிய தாள்களை அவரிடம்தான் கொடுத்தேன். பிரம்பை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். என் சுவாஹிலியில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டு, மீதிப் பாடங்களுக்கும் இதே மாதிரி எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.