திருகோணமலைப் பழைய படங்கள்: யாரென்று கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. உவர்மலையில் அம்மம்மா வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய ஆல்பம் கிடைத்தது. படங்களில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இப்போது இல்லை.

அதில் ஒரு படம்தான் என்னை விடுவதாக இல்லை. வேட்டிக்கு மேல் கோட்டு, தலைப்பாகை, ஒரு கை நாற்காலி முதுகில். பக்கத்தில் அட்டியல் போட்ட சிறுமி. பின்னால் தீட்டிய திரையில் ஐரோப்பிய மாளிகைத் தூண்கள். ஆள் டொக்யார்ட் கிளாக்கர் என்கிறார் சித்தப்பா, கச்சேரி (அரச அலுவலக) உத்தியோகத்தர் என்கிறார் மாமி. இரண்டு பேரிடமும் ஆதாரம் கிடையாது!

தடித்த அட்டை, ஏறக்குறைய 4¼ × 6½ அங்குலம். அதாவது 1866 முதல் பரவிய கேபினெட் கார்ட் (தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோப் படம்) அளவு. கீழே பொன்னெழுத்து அழிந்து “& கோ, கொழும்பு” மட்டும் மிச்சம். உடனே பிளாட்டே ஸ்டூடியோ என்று சொல்லிவிடாதீர்கள். அது 1890இல் தொடங்கியதுதான், ஆனால் ஸ்கீன் போன்ற வேறு “& கோ”க்களும் கொழும்பில் இருந்தன.

உங்கள் வீட்டில் இதே திரையோ அட்டையோ உள்ள படம் இருந்தால், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள். ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். கோட்டு வெட்டு, நகை பார்த்துக் காலம் சொல்லக்கூடிய பெரியவர்களிடமும் காட்டுங்கள்.

ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் தாள் போலத் தெரிகிறது, தண்ணீர் பட்டால் கெட்டுவிடும்.