100 இணைப்புக் கணக்கு இன்னும் எதற்கு?

கருவேலம்:
தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக எழுத வருகிறவர்களிடம் “கட்டுரைக்கு 100 இணைப்பு வரை போடலாம், கூகுளே சொல்லியிருக்கிறது” என்று ஒருவர் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அது செத்துப்போன விதி. ஒரு காலத்தில் கூகுள் ஒரு பக்கத்தில் சுமார் 100 கிலோபைட் வரைதான் எடுத்துக்கொண்டது. அதை ஒட்டிச் சொன்ன எண் அது. 2009இலேயே அப்போது கூகுளில் இருந்த மேட் கட்ஸ் இதை விளக்கிவிட்டார்.

நடுச்சாமம்:
எழுதியது நான்தான், நேராகவே சொல்லலாம். புதியவருக்கு ஓர் எல்லை வேண்டாமா? 100 என்றால் மனதில் நிற்கும்.

கருவேலம்:
300 சொல் கட்டுரையில் 100 போட்டால் மூன்று சொல்லுக்கு ஒன்று நீல இணைப்பு. “[[1010]]இல் [[தஞ்சாவூர்]] [[பெருவுடையார் கோயில்]]” என்று இரட்டை அடைப்புக்குறிக்குள் இணைப்பாகப் போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே இணைப்பு மாதிரி தெரியும். கோயிலுக்கு மட்டும் போடுங்கள், ஊர் அந்தக் கட்டுரையிலேயே கிடைக்கும். 1010ஐச் சொடுக்குகிறவருக்குக் கோயிலைப் பற்றி என்ன கிடைக்கப்போகிறது? ஒரு சொல்லுக்கு முதல் இடத்தில் ஒரே தடவை.

பிழைதிருத்தி:
எண்ணிக்கை கிடக்கட்டும். [[தமிழ்நாடு]]இல் என்று போட்டுவிட்டுப் போகிறார்களே, அதை யார் திருத்துவது? [[தமிழ்நாடு|தமிழ்நாட்டில்]] என்று நடுவில் செங்குத்துக் கோடு போட வேண்டும். [[மதுரை]] என்றால் அடைப்புக்குறிக்கு வெளியே ‘யில்’ ஒட்டினால் போதும். மரம், ஆறு, நாடு உருபு ஏறினால் உருமாறும்.

தொடுவானம்:
முதலில் ‘இணைப்பு’ என்பதை நிறுத்துங்கள். மின்னஞ்சலில் வரும் கோப்பும் இணைப்புதான். ‘தொடுப்பு’ நல்ல சொல்.

பிழைதிருத்தி:
தொடுப்புக்கு ஊரில் என்ன பொருள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா? ‘சுட்டி’ இருக்கிறதே.

தொடுவானம்:
சுட்டி என்றால் மவுஸ். சுட்டியால் சுட்டியைச் சொடுக்கு என்று எழுதுவீர்களா? பகுப்புப் பெயர் விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே நின்றீர்கள்.

நடுச்சாமம்:
100ஐக் குறைத்தால் ஆதாரத்துக்குப் போடும் இணைப்பும் குறையும். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கருவேலம்:
மறுபடியும் 100! ஒரு கூற்றுக்கு உறுதியான ஆதாரம் ஒன்று போதும். அந்தப் பக்கத்தை, வலைப்பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த முகவரியையும் கூடவே போடுங்கள். 2009இல் யாகூவின் இலவச வலைப்பக்கச் சேவையான ஜியோசிட்டீஸை மூடியபோது அங்கிருந்த பக்கங்களுக்குப் போன முகவரிகள் மொத்தமாகச் செத்தன. தமிழ் முகவரியை நகலெடுக்கும்போதும் கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக நீளும்: 5 குறி (த, ம, ி, ழ, ்), குறிக்கு 3 பைட், பைட்டுக்குச் சதவீதக் குறியோடு 3 எழுத்து. நடுவில் உடைந்தால் பக்கம் திறக்காது. ‘இங்கே’ என்ற சொல்லில் இணைப்பு வைப்பதையும் விடுங்கள். திரைவாசிப்பான் இணைப்புகளை மட்டும் பட்டியலாக வாசிக்கும்போது பார்வையற்றவர் காதில் “இங்கே, இங்கே, இங்கே” என்றுதான் விழும்.

நடுச்சாமம்:
100 உச்ச வரம்பு என்றுதான் எழுதினேன். கட்டாயம் போடு என்று எங்கே எழுதினேன்?

கருவேலம்:
“கூகுளே சொல்லியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுங்கள்.

நடுச்சாமம்:
எடுக்க மாட்டேன்.

தொடுவானம்:
எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதில் ‘தொடுப்பு’ என்று மாற்றுங்கள்.