பால் ரிவியர் வீடு: மேல் தளத்தை எடுத்தது சரியா?

கல்தூண்
அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கும் தறுவாயில், பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்க 1775 ஏப்ரல் 18 இரவு குதிரையில் போன வெள்ளிக் கைவினைஞர் பால் ரிவியர். பாஸ்டன் நார்த் எண்டில் அவர் பெயரால் நிற்கும் மரவீட்டை 1770இல் வாங்கி 1800இல் விற்றார். அவர் வாங்குமுன்பே முன்பக்கக் கூரையை உயர்த்தி, தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளமாக்கியிருந்தார்கள். 1907-08 சீரமைப்பில் கட்டிடக் கலைஞர் ஜோசப் சாண்ட்லர் அந்த மேல் தளத்தை எடுத்துவிட்டு, 1680 வாக்கில் கட்டிய வடிவத்துக்கு வீட்டைக் கொண்டுபோனார். ரிவியர் குடியிருந்த தோற்றத்தை எடுத்துவிட்டு ரிவியர் வீடு என்று காட்டுவதை எப்படிப் பாதுகாப்பு என்பது?

மரச்சட்டம்
1676 தீவிபத்தில் இன்கிரீஸ் மாத்தர் என்ற மதகுருவின் வீடு எரிந்துபோன மனையில் ராபர்ட் ஹோவர்ட் என்ற வணிகருக்காக எழுந்த வீடு இது. அந்த நூற்றாண்டு மரவீடு பாஸ்டன் நகர மையத்தில் வேறு எங்கே இருக்கிறது? கட்டுமானத்தில் 90 சதவீதம் பழையது என்று இப்போது அங்கே இயங்கும் அருங்காட்சியகமே சொல்கிறது. ரிவியரின் பிள்ளைகள் வளர்ந்த அறைகளின் உத்தரங்கள்தான் அவை. கூரை மட்டும் வேறு. அரிதானதை வெளியே கொண்டுவந்தது தவறில்லை.

கல்தூண்
கூரை மட்டுமா? சாய்சதுரக் கண்ணாடி ஜன்னல்களும் சாண்ட்லர் வைத்தவைதானே! எல்லாக் காலத்துச் சேர்க்கைகளையும் மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது நோக்கமல்ல என்று பழைய கட்டிடங்களைப் பாதுகாப்பதற்கான 1964 வெனிஸ் சாசனம் தெளிவாகச் சொல்கிறது.

மரச்சட்டம்
அது 56 வருடம் கழித்து வந்த சாசனம். 1902இல் வீடு இடிபடும் நிலையில் இருந்தது. ரிவியரின் கொள்ளுப்பேரன் ஜான் ரெனால்ட்ஸ் வாங்கியதால்தான் தப்பியது. 1908இல் மக்களுக்குத் திறந்தபோது, அமெரிக்காவில் இப்படிப்பட்ட இல்ல அருங்காட்சியகங்களே மிகக் குறைவு. பின்பற்ற முன்மாதிரி அதிகம் இல்லாத காலம் அது.

கடலோரம்
இரண்டு பேருமே 1800இல் நின்றுவிட்டீர்கள். அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டு இது வாடகைக் குடியிருப்பு. கீழே மிட்டாய்க் கடை, சுருட்டுத் தொழிற்கூடம், காய்கறிக் கடை, இத்தாலியர் வங்கி எல்லாம் நடந்தன. நார்த் எண்டுக்கு வந்து சேர்ந்த குடியேறிகளின் வரலாறு அது. சீரமைப்பில் முழுதாகப் போனது அந்தப் பகுதிதான். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மரச்சட்டம்
கடை முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கூடத்தைக் காட்ட முடியுமா?

கல்தூண்
ஏன் முடியாது? இப்போதே கீழ்க்கூடம் ஹோவர்ட் காலத்தைக் காட்டுகிறது, மாடி அறையில் ரிவியர் குடும்பத்தின் சாமான்கள். உள்ளே இரண்டு காலம் சேர்ந்திருக்கலாம் என்றால் வெளியிலும் இருந்திருக்கலாம். 1680க்குப் போகத்தான் வேண்டும் என்றால், வாசலில் ஹோவர்ட் பெயரைப் போட்டிருக்க வேண்டும்.

மரச்சட்டம்
ஹோவர்ட் பெயருக்கு 1902இல் யார் பணம் கொடுத்திருப்பார்கள்? ரிவியர் பெயர் இல்லையென்றால் நாம் விவாதிக்க அங்கே ஒரு சுவர்கூட நின்றிருக்காது.