கட்டைவிரல் இன்னும் உள்ளேதான் போகிறது

பளு தூக்கும் பாரை விட்டுப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் கேஸ் சிலிண்டரை மாற்றும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, ஒரு சிலிண்டருக்கு எதுக்கு இவ்வளவு மூச்சு இழுக்குறீங்க?" குனிந்து பார்த்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் போட்டு இறுக்கியிருக்கிறேன். ஹூக் கிரிப், பளு தூக்குபவர்கள் பாரைப் பிடிக்கும் பிடி! பயிற்சிக் காலத்தில் தோல் உரிந்து பிளாஸ்திரி சுற்றிய அதே விரல்.

ஊர் வேலூர் சத்துவாச்சாரி. எங்கள் பக்கம் பளு தூக்குவது என்றால் பாதி விளையாட்டு, பாதி வேலைக்கு மனு போடுவது மாதிரி. ரயில்வே, போலீஸ், ராணுவம் என்று வீட்டில் அப்போதே பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் அப்போது 62 கிலோ பிரிவு. ஒரு மாநிலப் போட்டியில் எடை பார்க்கும்போது 400 கிராம் கூடுதல். புளிப்பு மிட்டாயை வாயில் போட்டு எச்சில் துப்பித் துப்பி, ஸ்வெட்டரோடு மைதானத்தைச் சுற்றி ஓடிக் குறைத்தேன். சரி, எடை குறைந்தது, தெம்பும் சேர்ந்து போனது. தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்கும் ஜெர்க்கில் மூன்றாவது முயற்சி தலைக்கு மேல் நின்றது, ஆனால் முழங்கை லேசாக ஆடிவிட்டது. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சிவப்பு விளக்கு, தூக்கியது செல்லாது. நேஷனல் கனவு அங்கேயே முடிந்தது, கோட்டா வேலையும்தான். இப்போது சிமென்ட் குடோனில் கணக்கு எழுதுகிறேன். பயிற்சியை விட்டாலும் பன்னிரண்டு இட்லியை விடவில்லை, ஒரே வருஷத்தில் 84 கிலோ!

2014இல் எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச்சில் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல்) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளில் நிறுத்தி, பிறகு மேலே) 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். பட்டாசு வெடித்தோம். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் நேஷனலில் 194 கிலோ முயன்று தொடையில் அடிபட்டிருந்தது அவருக்கு. அதோடு போய் 317 தூக்கி மறுபடியும் தங்கம். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நான் என் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அப்பாவும் தேசிய அளவில் தூக்கியவர்தான். ராணுவத்திலிருந்து வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். எனக்கு அந்த அப்பாவின் கதைதான் அடிக்கடி நினைவுக்கு வரும்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். உங்களுக்கு விரல், எனக்குக் காறை எலும்பு. 2000இல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியபோது நான் ஏழாம் வகுப்பு. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பளுதூக்குதல் வந்ததே அந்த வருஷம்தான். அடுத்த மாதமே பாரைப் பிடித்துவிட்டேன். கிளீன் செய்யும்போது, அதாவது தரையிலிருந்து தோளுக்குத் தூக்கும்போது, பார் வந்து விழுந்து விழுந்து கழுத்துக்குக் கீழே கறுப்பாகக் காய்ப்பு. பெண் பார்க்க வந்த அன்று அம்மா முந்தானையை அதன்மேல் இழுத்து இரண்டு பின் குத்தினார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது என்னவோ, "பொண்ணுக்கு சமைக்க வருமா?" மட்டும்தான். இப்போது நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

*

அக்கா, அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கிறதா?

*

மங்கலாக இருக்கிறது தம்பி. புதுப் பிள்ளைகள் வரும்போது அதைத் தொட்டுத்தான் காட்டுவேன், "பார் இங்கே வந்து உட்காரணும்" என்று.