அதே குழியில் இன்னொரு கன்று

ஜூன் 5 வந்தால் எங்கள் பள்ளியில் மரக்கன்று நடுவோம். பதாகை, மண்வெட்டி, உறுதிமொழி, புகைப்படம். முதல் பாடவேளை முடிவதற்குள் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுவோம். மூன்றாண்டுகளுக்கு முன் அப்படி நட்டுக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “சார், போன வருஷமும் இதே குழியில்தானே நட்டோம்?” என்று கேட்டான். அவன் குரலில் கேலி இல்லை. காலநிலை மாற்றம் பற்றி ஆண்டுதோறும் பாடம் எடுக்கிற எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் அவனையும் இன்னும் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வந்தேன். நட்டதாகப் பதிவேட்டில் இருந்தவை 60. உயிரோடு நின்றவை 9. அவற்றிலும் ஏழு, கை கழுவும் குழாயின் தண்ணீர் வழிந்தோடும் பாதையில் நின்றன. உறுதிமொழி எடுத்த எங்களைவிடப் பழுதான குழாய் அதிகம் சாதித்திருந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று புதிதாக எதையும் நடவில்லை. தலைமை ஆசிரியருக்கு மனத்தாங்கல்தான். படம் அனுப்பியாக வேண்டுமே! பிள்ளைகள் குழாயடியிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டினார்கள். ஒவ்வொரு கன்றுக்கும் எண் கட்டி, மாதம் ஒருமுறை உயரம் அளந்து எழுதினார்கள். பிறகு வாய்க்கால் ஓரமாக மட்டும் நட்டோம். இன்று 23 நிற்கின்றன.

“இதனால் பூமியின் சூடு குறையுமா சார்?” என்று அதே பையன் பின்னொரு நாள் கேட்டான். காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்கு இருந்ததையும், 1958இல் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்ததையும், இப்போது 420ஐத் தாண்டிவிட்டதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 23 மரங்களால் அந்த எண் அசையாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். அவன் கேட்டது, “அப்படியானால் எதனால் அசையும்?” நான்கு வகுப்புகள் அந்தக் கேள்வியிலேயே போயின. நிலக்கரி, மின்சாரம், போக்குவரத்து என்று பாடநூல் இரண்டு பத்தியில் முடித்ததை அவர்கள் விடவேயில்லை.

*

மேலே எழுதியவரைப் போல நானும் அறிவியல் ஆசிரியைதான். “ஓசோன் ஓட்டை வழியாக வெயில் நுழைவதால் பூமி சூடாகிறது” என்று விடைத்தாளில் எழுதியவர்களுக்குப் பல ஆண்டுகள் பாதி மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்தப் பாவம் என்னைச் சேரும். ஓசோன் படலத்தை அரித்தவை, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வேதிப்பொருள்கள். அவற்றைக் கட்டுப்படுத்த 1987இலேயே மான்ட்ரியல் உடன்படிக்கை வந்துவிட்டது. பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம், நிலமும் கடலும் வெளிவிடும் வெப்பக் கதிர்களைக் கரியமில வாயு பிடித்துவைத்துக்கொள்வது.

இதை விளக்க, 1856இல் அமெரிக்க அறிவியலாளர் யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்த சோதனையைச் சொன்னேன். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. ஆறவும் அதிக நேரம் பிடித்தது. ஒரு மாணவி எழுந்து, “வெயிலில் வைத்தால் மேலிருந்து வரும் சூட்டைத்தானே சோதித்ததாகும் டீச்சர், தரையிலிருந்து போகும் சூட்டை எப்படிச் சோதித்தார்கள்?” என்று கேட்டாள். அன்று தெரியாது என்றுதான் சொன்னேன். வெப்பக் கதிர்களை வாயுக்கள் உறிஞ்சுவதை 1859இல் இயற்பியலாளர் ஜான் டின்டால் தனியாக அளந்தார் என்று படித்துவிட்டு மறுநாள் போய்ச் சொன்னேன். பாதி மதிப்பெண் போடும் பழக்கம் அத்தோடு போயிற்று.

*

நான் ஆசிரியை இல்லை; பள்ளிக்குப் போகும் ஒரு பெண்ணின் அம்மா. பள்ளியில் வெள்ளம், காட்டுத்தீப் படங்களைக் காட்டிய அன்று இரவு என் மகள் தூங்கவில்லை. “நான் பெரியவளாகும்போது எல்லாம் மூழ்கிவிடுமா?” என்று கேட்டு அழுதாள். இனிக்கப் பேசித் தேற்றப் பார்த்தேன், பலிக்கவில்லை. அவளைத் தூங்க வைத்தது ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 50 சதுர மீட்டர். அடுத்த மழைக்கு அளவுகோலும் நேர்சுவர் டப்பாவுமாகக் காத்திருந்தாள். 12 மில்லிமீட்டர்! “600 லிட்டர் அம்மா. நம் பீப்பாய் 200 தான் பிடிக்கும், 4 மில்லிமீட்டரிலேயே நிரம்பியிருக்கும்” என்று கத்தினாள். இப்போது இரண்டாவது பீப்பாய் கேட்டு நச்சரிக்கிறாள். பள்ளிக் கூரையையும் அளந்து வைத்திருக்கிறாளாம். அங்கே யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்கிறாள்.