மறு: காலநிலைக்கு எதற்கு அதிகாரம்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரே ஒரு சொல்தான் கேட்டேன். பதினோரு மடல் வந்துவிட்டது. தனித்தனியே பதில் எழுத நேரமில்லை, சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வந்தவர்களுக்காக: மண்டபம் பக்கத்து மீனவ ஊர்களில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும், படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிற இளவட்டங்களுக்கும் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறோம். அதற்கு ஒரு கைப்பிரதி தயாராகிறது. 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 6ஆம் பிரிவை ஒட்டி ஆறு வேலைகளைச் சொல்வார்கள்: கல்வி, பயிற்சி, விழிப்புணர்வு, மக்கள் பங்கேற்பு, தகவல் பெறுதல், நாடுகளிடை ஒத்துழைப்பு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவும் இதையே வலியுறுத்துகிறது. மொத்தத்துக்கும் 'கிளைமேட் எம்பவர்மென்ட்' என்று பெயர். தமிழில் என்ன சொல்வது என்பதே கேள்வி.

நானாகக் கரும்பலகையில் 'காலநிலை அதிகாரமளித்தல்' என்று எழுதிப் பார்த்தேன். பாம்பன் பையன் ஒருவன் எழுந்தான். "சார், காலநிலைக்கு எதுக்கு அதிகாரம்? இப்பவே அது ஆடுற ஆட்டம் போதாதா?"

வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அவன் கேட்டது சரியான இலக்கணக் கேள்வி. 'மகளிர் அதிகாரமளித்தல்' என்றால் மகளிர்க்கு அளிப்பது. நான்காம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. அதே அச்சில் வார்த்தால் அதிகாரம் காலநிலைக்குத்தான் போய்ச் சேரும். (பருவநிலையா காலநிலையா என்ற பழைய சண்டையை இங்கே கிளப்ப வேண்டாம். பாடநூல் வானிலை, காலநிலை என்று பிரிக்கிறது. பிள்ளைகளுக்காக அதையே வைத்துக்கொண்டேன்.)

இனி உங்கள் மடல்கள்.

> நாங்கள் இங்கே வலுவூட்டல் என்றுதான் எழுதுகிறம். அதையே எடுக்கலாமே?

மன்னார் அக்கா, கடலுக்கு அந்தப் பக்கம் நன்றாகப் புழங்கும் சொல், மறுக்கவில்லை. ஆனால் ஊட்டல் என்றால் ஊட்டுகிறவர் ஒருவர் வேண்டும். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போதாததற்கு ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்ததிலிருந்து, ஏதோ சத்து மாத்திரை கொடுக்கப்போகிறோம் என்று நினைப்பார்கள்.

> பிறவினை உறுத்தினால் தன்வினையாக்கி, 'வலுப்பெறல்' எனலாம்.

கோவை நண்பரே, எங்கள் கரையில் வலுப்பெறுவது ஒன்றே ஒன்றுதான். 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்று' என்று வானொலி தொடங்கினாலே படகை மேலே ஏற்றக் கயிறு தேடுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். 'காலநிலை வலுப்பெறல் முகாம்' என்று சுவரொட்டி ஒட்டினால் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியாயிற்றா என்று கேட்பார்கள்.

> வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே.

ஐயா, வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்ற அந்த நான்கையும் வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு மாதப் பாடம் அதிலேயே ஓடும். தலைப்பில் மட்டும் வேண்டாம். இன்றைக்கு வலி என்றால் தைலம்தான் நினைவுக்கு வரும்.

தன்வினை வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானதும், அங்கே போய்க் கடற்பாசி எடுத்துவந்த சின்னப்பாலத்துப் பெண்களுக்குக் கெடுபிடி தொடங்கியது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6 என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது கிடைத்தது. இதில் யார் யாருக்கு எதை 'அளித்தார்கள்'?

சொல் உண்டாக்குவதிலும் இவர்கள் நம்மைவிட வேகம். பெப்சி நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வளர்க்கச் சொன்ன கப்பாஃபைகஸ் என்ற பாசிக்குக் கரையில் பெயர் பெப்சி பாசி. குழு இல்லை, கூட்டம் இல்லை, பெயர் நிலைத்துவிட்டது.

அப்படித்தான் எனக்கும் ஒரு சொல் கிடைத்தது. பாசி எடுக்கும் அம்மா ஒருவரிடம், மகளுக்கு நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்களா என்று கேட்டேன். "நான் எங்க பழக்குனேன்? அதுவாப் பழகிருச்சு" என்றார். பழக்கு, பழகு. பிறவினையும் தன்வினையும் ஒரே மூச்சில். நீச்சல் பழகுகிறோம், வண்டி பழகுகிறோம், கடல் பழகுகிறோம். அரசாங்கமே 'தொழில் பழகுநர்' என்கிறது. ஆகவே என் முன்மொழிவு: காலநிலை பழகல்.

வகுப்பில் நடப்பதும் அதுதான். பிள்ளைகள் படகுத்துறையில் நின்று காலையும் மதியமும் தண்ணீரின் வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். பக்கத்தில் அன்றைய காற்று: வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு அதையும் எழுதுகிறார்கள். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடா அதைக் கண்டது. அப்பா "பார் வெளுத்துக் கிடக்கு" (பார் என்றால் பவளப்பாறை) என்று சொல்வதற்கு முன்பே மகளின் நோட்டு அதைச் சொல்லிவிட முடியும். (இதற்கு 'வெளிறல்' என்று எழுதுவோரும் உண்டு. கரையில் வெளுத்துத்தான் கிடக்கிறது. நானும் வெளுப்பு என்றே எழுதப்போகிறேன்.)

நேற்று இரவு வந்த மடல்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

> வெயில் பழகிப்போச்சு, கொசு பழகிப்போச்சு என்கிறோம். பழகல் என்றால் சகித்துக்கொள்வது ஆகிவிடாதா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சகிப்பு 'போ' என்ற துணைவினையில் இருக்கிறது; 'பழகு' அதற்குப் பொறுப்பில்லை. 'கடல் பழகினவன்' என்றால் கடலிடம் தோற்றவன் என்று இங்கே யாரும் பொருள் கொள்வதில்லை. ஆனால் உங்கள் மடலில் நீங்கள் எழுதாத குறை ஒன்று எனக்குத் தெரிகிறது. மூன்று மாதம் விடாமல் நோட்டு எழுதிய பெண் கேட்டாள்: "எல்லாம் எழுதிட்டோம் சார். இதை யாருகிட்டக் காட்டணும்? காட்டுனா பதில் சொல்லுவாங்களா?"

ஆறு வேலைகளில் பங்கேற்பும் தகவல் பெறுதலும் அவள் கேள்விக்குள்தான் இருக்கின்றன. பழகலில் அவை இல்லை. கிராம சபையில் நோட்டை விரித்துவைத்து, தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்) எங்கே வரப்போகிறது, யாரைக் கேட்டு வரைபடம் போட்டீர்கள் என்று கேட்கிற பகுதி அது. அதற்கு 'உரிமை' என்று போட்டால் எதற்கும் பொருந்தும், எதையும் சொல்லாது. 'கேள்விமுறை இல்லாமல் பண்றாங்க' என்று நாம் திட்டுகிறோமே, அந்தக் கேள்விமுறை எப்படி? கேட்க ஒருவர், பதில் சொல்ல ஒருவர், அதற்கு ஓர் ஒழுங்கு. மூன்றும் ஒரு சொல்லில் அடங்குகிறது.

அப்படியானால் 'இளையோர்க்குக் காலநிலை பழகலும் கேள்விமுறையும்'. ஒரு சொல் கேட்டவன் இரண்டைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். அட்டைக்குக் கொஞ்சம் நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்குங்கள். 'அளித்தல்', 'ஊட்டல்' பக்கம் மட்டும் திரும்பிப் போக வேண்டாம்.

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். மெய்ப்புப் பார்க்கும் அன்பருக்கு: 'காலநிலைப் பழகல்' என்று ஒற்றுப் போட்டுத் திருத்தியிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். காலநிலையைப் பழகல், இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து