பேங்க் கொள்ளைப் படம்: எந்த சீன் உறுத்துச்சு?

மேலமாசிவீதி:
கடன்ல மூழ்குன டெய்லர், வாத்தியார், ஆட்டோக்காரர், மெஸ் அக்கா. நாலு பேரும் நம்ம தெருவுல பார்க்கிற ஆளுகதான், அதுல குறையில்ல. அந்தத் தோள்பைதான் உறுத்துது. அஞ்சு கோடியை மாட்டிக்கிட்டு டெய்லர் சுவரேறிக் குதிக்கிறாரு. ஐநூறு ரூபாயில ஒரு கோடின்னா 20,000 தாள். 100 தாள் ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டல், ஆக 20 பண்டல். ஒரு தாளே ஒரு கிராமுக்கு மேல. அஞ்சு கோடி நூறு கிலோவைத் தாண்டும், நாலு சிப்பம் அரிசி. குதிச்சா முட்டி பேந்துரும்.

உசிலம்பட்டி:
அண்ணே, சின்னக் கிளையில ஏது அஞ்சு கோடி? கையிருப்புக்கு வரம்பு இருக்கு, மிஞ்சுறது கரன்சி செஸ்டுக்கு, அதான் ரிசர்வ் வங்கி சார்பா பணம் வைக்கிற பெரிய பெட்டகத்துக்குப் போயிரும். நம்ம பக்கம் லாக்கர் ரூமை அடைச்சுக்கிட்டு இருக்கிறது நகைக்கடன் பைதான். கடன் நம்பர், மொத்த எடை, கல்லு கழிச்ச எடைன்னு ஒவ்வொண்ணுலயும் சீட்டு இருக்கும். அதை ஒருத்தரும் காட்ட மாட்டேங்கிறாய்ங்க. மேனேஜர் தனியாளா திறக்கிறதும் சுத்தப் பொய். சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கும்.

திருப்பரங்குன்றம்:
மேலமாசி அண்ணே, கதை நடக்கிறது 2016 நவம்பருக்கு முந்தி. ஆயிரம் ரூபா நோட்டு, கோடிக்கு 10,000 தாள்தான். அதுக்காக எடை சரிபாதியும் ஆகாது. பழைய ஆயிரம் 177 மி.மீ. நீளம், இப்ப உள்ள ஐநூறு 150.

குறும்படம் எடுக்கிற தம்பிகளுக்கும் சொல்லிருறேன். கட்டுக்கு மேலயும் கீழயும் நிஜத் தாள் வைங்க, நடுவுல அதே அளவுக்கு வெட்டுன வெள்ளைத்தாள். ஜெராக்ஸ் நோட்டு வேணாம், அதுக்கே பி.என்.எஸ்.ல, அதான் இப்ப உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல, 182ஆம் பிரிவு இருக்கு. கட்டுக்குப் பேப்பர் பட்டைதான் சுத்தணும். ஸ்டேபிள் அடிக்கிறதை ரிசர்வ் வங்கி 2001லயே நிறுத்தச் சொல்லிருச்சு. பைக்குள்ள மணல் மூட்டை போடுங்க, அப்பத்தான் நடிக்கிறவன் தோள் சாயும். எஃப்.ஐ.ஆர். சீன்ல ஆளை எண்ணி எழுதுங்க. நாலு பேர்னா வெறும் கொள்ளை, அதே சட்டத்துல 309. அஞ்சு பேர்னா கூட்டுக்கொள்ளை, 310. 2024 ஜூலை 1க்கு முந்துன கதைன்னா பழைய இந்திய தண்டனைச் சட்டம், கொள்ளைக்கு 392, கூட்டுக்கொள்ளைக்கு 395. வெளிய வண்டியில காத்திருக்கிற கூட்டாளியும் கணக்குல வருவான்.

மேலமாசிவீதி:
கேட்டது ஒரு சீன், நீ படமே எடுத்துட்டியேப்பா. ஆனா டெய்லர் மச்சான் கடைசி வரைக்கும் வேன்லதான இருந்தான்? அவனோட அஞ்சு. ஏட்டு 392ன்னு எழுதுனது தப்புதான்.